நாய் என்ன சொல்கிறது? டெல்டா பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர்களும், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வருகிறவர்களும் கிளம்பும் நேரத்தில் நின்று நாயைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்பார்கள். ஊர் மாறும், ஆள் மாறும், சந்தேகம் மட்டும் மாறாது. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நோய் சம்பந்தப்பட்ட இடங்களில் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதைத் தட்டாதீர்கள்.

வாலை ஆட்டுனா சந்தோஷம்னுதானே அர்த்தம்? எங்க நாய் வாலை ஆட்டிக்கிட்டே பக்கத்து வீட்டுப் பையனைக் கடிச்சிருச்சே?

வால் ஆடினால் நாய் பரபரப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்லலாம். அந்தப் பரபரப்பு சந்தோஷமா, பயமா, கோபமா என்பதற்கு உடம்பின் மற்ற பகுதிகளைப் பார்க்க வேண்டும். இடுப்போடு சேர்ந்து உடம்பே நெளிந்து, வால் தளர்வாகப் பெரிய வீச்சில் ஆடி, காது பின்னால் படிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தால் அது வரவேற்பு. உடம்பு விறைத்து, வால் கம்பு மாதிரி மேலே நின்று நுனி மட்டும் படபடவென்று ஆடினால் அந்த நாய் கிட்டே வராதே என்கிறது. கையை நீட்டக் கூடாத நேரம் அது. வால் காலுக்கு இடையில் செருகி நுனி மட்டும் ஆடினால் பயம்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தன் வீட்டு ஆளைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. மூளையின் இரண்டு பாதிகளும் வேறு வேறு உணர்ச்சிகளைக் கையாள்வதால் இப்படி. வெறும் கண்ணால் இதைப் பிடிப்பது கஷ்டம். நீங்கள் உடம்பு விறைப்பைப் பாருங்கள், அது போதும்.

குரைக்கிறதுல வித்தியாசம் இருக்கா? எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது.

இருக்கிறது. ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டால் உங்களுக்கே பிடிபடும். கேட் பக்கம் ஆள் வந்தால் கனத்த குரலில் விடாமல் குரைக்கும். விளையாடக் கூப்பிடும்போது குரல் மெல்லிசாக, விட்டு விட்டு வரும். முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் அது விளையாட்டு என்பதில் சந்தேகமே வேண்டாம். தனியாகக் கட்டிப் போட்ட நாய் ஒரே தாளத்தில், முடிவே இல்லாமல் ஒற்றைக் குரைப்பாகக் குரைக்கும். அதற்கு ஆள் துணை வேண்டும், நடக்க வேண்டும். அதட்டினால் அடங்காது.

ராத்திரி வைக்கோல் போரையே பாத்துக் குரைக்குது. அங்க ஒண்ணுமே இல்ல. பேய் கீய் தெரியுதா?

நமக்கு ஒன்றும் இல்லை. நாய்க்கு இருக்கிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய் சுமார் 45,000 வரை கேட்கும். வைக்கோலுக்குள் எலிக்குஞ்சு கத்துவது நமக்கு எட்டாத சத்தம், அதற்குத் தெளிவாகக் கேட்கும். மங்கலான வெளிச்சத்திலும் நம்மை விட நன்றாகப் பார்க்கும்.

நம் பக்கத்தில் இதை அலட்சியமாக விடக் கூடாது. அறுவடை முடிந்து வைக்கோலும் நெல்லும் வீட்டுக்கு வந்தால் எலியும் பெருச்சாளியும் கூடவே வரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். எலி என்றால் நாய் மண்ணைப் பறிக்கும், மூக்கை நுழைக்கும். ஒரே இடத்தைப் பார்த்துக் குரைத்து, முன்னால் போவதும் துள்ளிப் பின்வாங்குவதுமாக இருந்தால் பாம்பாக இருக்கலாம். டார்ச் எடுத்துக்கொண்டு தூரத்தில் நின்று பாருங்கள், செருப்பில்லாமல் போகாதீர்கள், முதலில் நாயைத் திரும்பக் கூப்பிடுங்கள். மறுநாள் நாயின் மூஞ்சியோ காலோ வீங்கியிருந்தாலும், தள்ளாடினாலும், கண் சொருகினாலும் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். நேரம்தான் முக்கியம்.

நாய் ஊளையிட்டா சாவு விழும்னு எங்க அப்பாயி சொல்லும். நெசமா?

ஊளை என்பது தூரத்தில் இருக்கிற நாய்க்குக் கேட்கும்படி போடும் கூப்பாடு. ஒன்று தொடங்கினால் அடுத்த தெரு பதில் கொடுக்கும். ஆம்புலன்ஸ் சைரன், கோயில் சங்கு, நீளமாக இழுக்கும் நாதஸ்வரம் இதெல்லாம் நாய்க் காதுக்கு ஊளையோடு ஒத்துப் போகிற சத்தங்கள். அதனால் அவற்றோடும் சேர்ந்து கத்தும். துணை நாய் செத்துப் போனாலும், தனியே விட்டு ஊருக்குப் போனாலும் ஊளையிடும்.

சாவு வீட்டுக்கும் ஊளைக்கும் ஏன் முடிச்சுப் போட்டார்கள் என்று யோசித்தால் புரியும். நோயாளி இழுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் ராத்திரி விளக்கு எரியும், ஆள் வந்து போகும், அழுகை கேட்கும். தெரு நாய்க்கு அது வழக்கத்துக்கு மாறான ராத்திரி. அது கத்தும். விடிந்ததும் சாவுச் செய்தி வந்தால் ஊளை ஞாபகத்தில் நிற்கும். ஒன்றுமே நடக்காத நூறு ஊளைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. அப்பாயியிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் ஊளையிடுகிற நாயைக் கல்லால் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவன் கோயிலில் பைரவர் பக்கத்தில் நிற்பதும் நாய்தான் என்று சொன்னால் அப்பாயியே கல்லைக் கீழே போட்டுவிடும்.

புல்லைத் தின்னுட்டு வாந்தி எடுக்குது. வயித்துல பூச்சியா?

புல் தின்பது நாய்க்கு இயல்பு. பெரும்பாலான நாய்கள் புல் தின்ற பிறகு வாந்தி எடுப்பதே இல்லை. வாந்தி எடுத்தவைதான் நம் கண்ணில் படுகின்றன. எப்போதாவது ஒரு முறை என்றால் கவலை வேண்டாம். தினமும் வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, மலத்தில் புழு தெரிகிறது என்றால் கூட்டி வாருங்கள். அதை விட முக்கியம், மருந்து அடித்த வயல் வரப்பில் புல் மேய விடாதீர்கள். குறுவையிலும் சம்பாவிலும் பூச்சிமருந்து தெளித்த நாட்களில் வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும் நாய்கள் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தப்பு பண்ணிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே, அப்ப அதுக்குத் தெரியுதுல்ல?

அந்தத் தொங்கிய மூஞ்சி உங்கள் கோபத்துக்குப் பதில். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாத நாயையும் அதன் சொந்தக்காரர் திட்டினால், அது அதே குற்றவாளி முகத்தைத்தான் காட்டியது. தின்ற நாயைத் திட்டாமல் விட்டால் அந்த முகம் அவ்வளவாக வரவில்லை.

காலையில் செருப்பைக் கடித்ததற்குச் சாயங்காலம் அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதே ஆபத்து என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். செருப்பை மேலே வையுங்கள், கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள். பல் முளைக்கிற குட்டிக்கு ஈறு அரிக்கும், அது எதையாவது கடித்தே தீரும்.

அடிக்கடி கொட்டாவி விடுது, மூக்கை நக்கிக்குது. தூக்கம் வருதா, பசியா?

தூங்கி எழுந்தபோது விட்டால் சாதாரணக் கொட்டாவி. சோற்றைப் பார்த்து நக்கினால் பசி. ஆனால் குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது, நீங்கள் மேலே குனிந்து நிற்கும்போது, ஊசி போடும் மேசையில் நிற்கும்போது இதைச் செய்தால் நாய் சங்கடப்படுகிறது என்று பொருள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது குறைவு. முதலில் முகத்தைத் திருப்பும். அப்புறம் உதட்டை நக்கும், கொட்டாவி விடும். காதைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். தலையை ஒரு பக்கம் வைத்துக் கண்ணை மட்டும் உங்கள் மேல் வைத்திருக்கும்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். எழுந்து தள்ளிப் போகப் பார்க்கும். போக வழியில்லை என்றால் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு உறுமும், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும், காற்றில் ஒரு கவ்வு கவ்வும். கடைசியில்தான் கடி. “ஒண்ணுமே பண்ணல சார், திடீர்னு கடிச்சிருச்சு” என்று வருகிறவர்களிடம் கடிக்கு முன்னால் நடந்ததை நிதானமாகக் கேட்டால், பெரும்பாலும் இதில் நான்கைந்து படிகளாவது அதற்குள் இருக்கும். நாய் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டுனா தடவிக் கொடுக்கலாமா?

உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, நெளிந்து விளையாடினால் தடவலாம். உடம்பு இறுகி, வாலைக் காலுக்குள் செருகி, வாயை மூடிக்கொண்டு, சில சமயம் சொட்டு மூத்திரமும் விட்டால் அது “என்னை விட்டுவிடு” என்று கெஞ்சுகிறது. நீங்கள் நிமிர்ந்து ஓரடி தள்ளி உட்காருங்கள். வேண்டுமென்றால் தானே எழுந்து வரும்.

சோறு திங்கும்போது கிட்டப் போனா உறுமுது. எசமான்கிட்டயே உறுமலாமா? நல்லா நாலு வச்சாதானே அடங்கும்?

உறுமலை அடித்து நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன படிகளில் உறுமல் ஒன்று. அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த தடவை சத்தமே இல்லாமல் நேராகக் கடிக்கும். அப்படி வாயடைக்கப்பட்ட நாய்களைத்தான் நான் மிகவும் ஆபத்தானவையாக நினைக்கிறேன்.

தட்டைப் பிடுங்கிப் பழக்குவதையும் விடுங்கள். பிடுங்கப் பிடுங்க, கிட்டே வருகிற கை பறிக்கத்தான் வருகிறது என்ற அதன் சந்தேகம் உறுதியாகும். சாப்பிடும்போது சில அடி தள்ளி நின்று, முட்டைத் துண்டு, கருவாட்டுத் துண்டு என்று அது இன்னும் விரும்புகிற ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நகருங்கள். தினமும் இதைச் செய்தால், ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பதியும். அவசரப்பட்டுக் கிட்டே போகக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பழக்கமெல்லாம் பிறகு, முதலில் நாய்க்குத் தனி மூலையில் சோறு வையுங்கள்.

எங்க நாய் குட்டியில தங்கமா இருந்துச்சு. வாசல்ல கட்டிப் போட்டதுல இருந்து யாரைப் பாத்தாலும் பாயுது.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பயந்த நாய்க்கு இரண்டு வழி: ஒதுங்கிப் போவது, இல்லை எதிர்த்து நிற்பது. சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. மூன்றடிச் சங்கிலியில் நாள் முழுக்க நின்று, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்து, அவர்கள் போய்விட்டதும் தான்தான் விரட்டியதாக நினைத்து, மறுநாள் இன்னும் வேகமாகக் குரைக்கும். சங்கிலி அறுந்த அன்று யாருக்காவது கடி விழும்.

காவலுக்குத்தான் நாய் வளர்க்கிறோம் என்றால் கட்டி வைப்பது அதற்குக் கூட உதவாது. வேலி அடைத்த கொல்லையில் அவிழ்த்து விடுங்கள். அது முடியாத வீட்டில் நீளமான கம்பி கட்டி அதில் சங்கிலி ஓடுகிற மாதிரி செய்யலாம். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து வாய்க்கால் கரை வரை நடத்துங்கள். குட்டியாக இருக்கும்போதே, மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையான காலத்தில், பல வகை ஆட்களையும் சத்தங்களையும் அமைதியாகப் பழக்கிவிட வேண்டும். குடை பிடித்தவர், தலையில் மூட்டை வைத்தவர், கம்பு ஊன்றி நடக்கும் தாத்தா, டிராக்டர், அறுவடை மிஷின், எல்லாம். அந்த வயதில் பார்க்காததைப் பெரிதானதும் சந்தேகமாகத்தான் பார்க்கும். “இந்த நாய் ஒருத்தரை மட்டும் பார்த்தாக் குரைக்குது” என்கிற பெரும்பாலான கேள்விகளுக்கும் பதில் இதுதான்.

பைக்குல போனா ஏன்தான் துரத்துதோ! வேகமா முறுக்கிட்டுப் போனா இன்னும் வேகமா வருது.

ஓடுகிற பொருளைத் துரத்துவது வேட்டை விலங்கின் ரத்தத்தில் ஊறியது. கூடவே உங்கள் டயரில் நாலு தெரு நாய்களின் மூத்திர வாசனை இருக்கிறது, அதன் எல்லைக்குள் அயலூர் நாய் நுழைகிற மாதிரி. வேகம் கூட்டினால் துரத்தலும் கூடும். நம் ஊர்ச் சாலைகளில் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாய்க்கால், நடுவில் காயப் போட்ட நெல். நாய்க் கடியை விடப் பயந்து வண்டியைத் திருப்பி விழுவதில்தான் எலும்பு முறிகிறது.

காலைத் தூக்காதீர்கள், உதைக்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் நின்றேவிடுங்கள். துரத்த எதுவும் இல்லாமல் போனால் பெரும்பாலான நாய்கள் அங்கேயே நின்று குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். கண்ணுக்குள் பார்க்காமல், மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டு கடந்து போங்கள். மார்கழி, தை ராத்திரிகளில் தார் ரோட்டின் சூட்டுக்காக நாய்கள் நடுரோட்டில் படுத்திருக்கும், அப்போது இன்னும் கவனம்.

ஐப்பசி வந்தா ஊர் நாயெல்லாம் சண்டை போட்டுக்கிட்டுக் கிடக்கு. எங்க ஆம்பள நாய் வீடே தங்கறது இல்ல.

இணை சேரும் பருவம். நம் பக்கத்துத் தெரு நாய்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தை ஒட்டித்தான் இணை சேர்கின்றன. ஒரு பெட்டைக்குப் பின்னால் பல கடுவன்கள் திரியும், சண்டை நடக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். இணை சேர்ந்த நாய்கள் ஒன்றோடொன்று பிணைந்து பத்து நிமிடம், அரை மணி நேரம் கூட நிற்கும். அவற்றால் நினைத்தாலும் பிரிய முடியாது. அந்த நேரத்தில் கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் உள்ளே கிழித்துக் காயப்படுத்தும். பையன்கள் செய்தால் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

உங்கள் கடுவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டைக் காயமும் குறையும். காவல் குணம் போய்விடாது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

மார்கழியில எங்க தெரு நாய் குட்டி போட்டுருக்கு. சோறு வைக்கிற என்னையே கடிக்க வருது.

மேலே சொன்ன ஐப்பசிக்குச் சுமார் 63 நாள் கழித்துக் குட்டி. முதல் மூன்று வாரம் தாய்க்கு யாரும் ஆகாது. குட்டிகளுக்குக் கண் திறக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும். சோற்றையும் தண்ணீரையும் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். குட்டியைத் தூக்கிப் பார்க்கப் போன பிள்ளைகள்தான் அதிகம் கடி வாங்குகிறார்கள். தாய் சாப்பிட வெளியே வந்திருக்கும்போது கூடக் குட்டிகளைத் தொட வேண்டாம்.

ராஜபாளையம் குட்டி வாங்கினேன், பால் வெள்ளை. கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குது. திமிரா?

காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு ராஜபாளையம் இனத்தில் உண்டு. நாய் பார்க்காதபடி பின்னால் நின்று தட்டைத் தட்டுங்கள். தரை அதிரக் கூடாது, காற்றும் படக் கூடாது, அவற்றை வைத்தே அது திரும்பிவிடும். காது அசையவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயைக் கைசாடையில் அருமையாகப் பழக்கலாம். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொடாதீர்கள். தரையைக் காலால் தட்டி எழுப்புங்கள்.

தீபாவளிக்கு வெடி போட்டா ரெண்டு நாள் சோறு திங்கிறது இல்ல. இடிக்கும் அப்படித்தான்.

காதின் கூர்மை பற்றி மேலே சொன்னேன். அந்தக் காதுக்கு வெடி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த ராத்திரியை அனுபவித்த நாய்களில் சில, அதன் பிறகு வெறும் காற்று அடித்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையோ டிவியையோ ஓட விட்டு, ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலை கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பதால் பயம் கூடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். அன்று கண்டிப்பாக வெளியில் கட்டாதீர்கள், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிக் காணாமல் போகும். மிகவும் நடுங்கினால் பண்டிகைக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை கேட்கலாம்.

வெறி நாயை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தண்ணியைப் பாத்து ஓடும்கிறாங்களே?

தண்ணீருக்குப் பயப்படுவது வெறிநோய் வந்த மனிதரிடம் காணும் அறிகுறி. வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாய்க்காலை நீந்திக் கடந்தும் போகும். குட்டையில் தண்ணீர் குடிக்கிறதே, அப்போது வெறி இல்லை என்று முடிவு செய்வது உயிருக்கே ஆபத்து.

பார்க்க வேண்டியது குணமாற்றம். சாதுவான நாய் காரணமில்லாமல் கல், கட்டை, ஆள், மாடு என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். கூச்ச நாய் திடீரென்று ஒட்டி உறவாடும். குரல் கம்மிப் போகும். எச்சில் ஒழுகும், தள்ளாடும், இலக்கில்லாமல் ஓடும். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் ஏமாற்றும். சாந்தமாக ஒரு மூலையில் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு நாயைப் பார்த்தால் வாயைத் தொடாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கூப்பிடுங்கள்.

நம்ம வீட்டு நாய்தான் கடிச்சுது, லேசான கீறல். ஊசி எதுக்கு?

வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை. முன்பே தடுக்கலாம், அதுவும் ஏறக்குறைய நிச்சயமாக. கடித்ததும் குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். மந்திரிப்பதற்கும் நாட்டு மருந்துக்கும் அலைந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) ஊசியும் வேண்டும். பாதியில் நிறுத்த வேண்டாம்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டி வைத்துப் பத்து நாள் பாருங்கள். கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வெறிக் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளிப்பட்டுச் செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டுத் திரிந்தால் மீதி ஊசி பற்றி டாக்டர் முடிவு சொல்வார். ஆனால் முதல் ஊசிக்காகப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது, அது அன்றைக்கே. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும்.

காதுல நறுக்குன தெரு நாயெல்லாம் பிடிச்சுட்டுப் போயி அதே தெருவுல திரும்ப விட்டுட்டாங்களே, ஏன்?

நறுக்கு என்றால் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று அடையாளம். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. அந்தத் தெருவைக் காலியாக விட்டால், தடுப்பூசி போடாத வெளி நாய்கள் வந்து இடம் பிடிக்கும்.

அறுவடை முடிஞ்சு கிடை போட வர்ற கீதாரி நாய் பகல்ல பேசாமக் கிடக்கு. ராத்திரி எங்க வயல்லயே எங்களை விடமாட்டேங்குது.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டி வந்து, ராத்திரியில் வயலில் எருவுக்காக அடைத்து வைக்கிற (அதுதான் கிடை) மேய்ப்பர்தான் கீதாரி. அவரோடு வரும் அந்த நாய்கள் குட்டியிலிருந்தே ஆடுகளுக்கு நடுவில் வளர்கின்றன. வயல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அன்றைக்குப் படல் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் வீடு. பகலில் கீதாரி முழித்திருப்பதால் பொறுப்பு அவருடையது, இருட்டினால் நாயுடையது. தூரத்தில் நின்று கீதாரியைக் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள், அவர் நாயைப் பெயர் சொல்லி அதட்டிய பிறகு போங்கள். உங்கள் வீட்டு நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

எல்லாம் சரி. ஒரு தடவை வீட்டாளையே கடிச்ச நாயைத் திரும்ப நம்பலாமா?

நேராக ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று விஷயங்களைக் கேட்பேன். கடிக்கு முன்னால் என்ன நடந்தது? காயம்பட்ட காலைத் தொட்டார்கள், தூங்கும்போது மிதித்தார்கள், சண்டையை விலக்கினார்கள் என்றால் காரணம் தெரிகிறது, அதைத் தவிர்க்கலாம். கடி எவ்வளவு ஆழம்? பல் பதிந்ததும் விட்டுவிட்டது என்றால் நாய் தன்னைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. கவ்வி உலுக்கியது, திரும்பத் திரும்பக் கடித்தது என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மூன்றாவது, உடம்பு வலி. நல்ல நாய் நடுவயதில் திடீரென்று மாறினால் காதில் சீழ், பல் அழுகல், மூட்டு வலி, கண் மங்கல் என்று ஏதாவது இருக்கும். மேலே சொன்ன பத்து நாள் கணக்கு முடிந்ததும் தலை முதல் வால் வரை டாக்டர் சோதிக்கட்டும்.

காரணம் தெரிந்து, கடியும் லேசாக இருந்தால் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளி ஆட்கள் வரும்போது வாய்க்கூடு போடுங்கள். காரணமே பிடிபடாமல் ஆழமாகக் கடித்த நாய், வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால், அதே கூரைக்குக் கீழ் இரண்டையும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வயல் கொட்டகையில் பெரியவர்கள் பொறுப்பில் வளர்க்கிற ஆளைத் தேடுங்கள், கடித்த விவரத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.